மாத்திரைக்கு விட்ட லீவு

கட்டிங் மாஸ்டருக்குக் கைதான் எல்லாம். அடுக்கடுக்காகத் துணி விரித்து, மேலே மார்க் போட்டு, மெஷின் கத்தியை ஓட்டும்போது கால் இஞ்ச் விலகினாலும் அத்தனை பீஸும் பாழ். மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் அந்தக் கத்தியைப் பிடித்தவன் நான். என் கட்டிங்கில் குறை கண்டுபிடித்தவன் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. நடந்ததில் பாதி அதனால் வந்த வினை.

ஐம்பத்து மூன்று வயதில் வலது கை ஆட ஆரம்பித்தது. கத்தியைப் பிடித்தால் ஆட்டம் அடங்கிவிடும். டீ கிளாஸை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால்தான் ஆடும். பிறகு விரல்கள் மெதுவாயின, தோள் இறுகியது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்த்து, பார்க்கின்சன் என்றார். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று மூன்று வேளைக்கு மாத்திரை எழுதினார். "நேரம் தப்பக் கூடாதுங்க. நீங்களா கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எதா இருந்தாலும் என்னையக் கேளுங்க. திடீர்னு மட்டும் நிறுத்தீராதீங்க" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபமாக வரும்.

சில வாரத்தில் விரல் இளகி, பழையபடி வேலை ஓடியது. அப்போதுதான் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த எவனோ சொன்னான்: "அந்த மாத்திரை அஞ்சு வருசந்தானுங்க கேக்கும். அப்பறம் போட்டாலும் ஒன்னுதான், போடாட்டியும் ஒன்னுதான்." டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானே முடிவு கட்டினேன். மாத்திரைக்கு ஆயுள் இவ்வளவுதான் என்றால், வேலை நாளுக்கு மட்டும் அதைச் செலவழிப்பது. எங்கள் ஊரே அப்படித்தானே ஓடுகிறது? ஆர்டர் இருந்தால் மெஷின் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு, ஆகவே மாத்திரைக்கும் லீவு.

எட்டு மணிக்குள் கம்பெனிக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன் என்பதால் மாத்திரை அட்டைகளைக் கட்டிங் டேபிள் டிராயரிலேயே பூட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளதைச் சட்டைப் பையில் கொண்டுவந்துவிட்டதாக மனைவியிடம் சொல்வேன். அவளும் அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. என் பொய் தப்பியது, ஏனென்றால் அவள் என்னைச் செக்கிங் பண்ணவில்லை, நம்பினாள்.

ஞாயிறு மதியத்துக்குள் உடம்பு கெட்டியாகிவிடும். சேரை விட்டு எழ முடியாது. சட்டைப் பட்டன் விரலுக்குள் நிற்காது. அவள் வந்து பட்டனைப் போட்டுவிடுவாள். "வாரம் பூராம் நின்னு நின்னு, ஞாயித்துக்கெழமையானா இப்படி ஆயிர்றீங்களே" என்று வருத்தப்படுவாள். பல்லடத்தில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்குப் போவது நின்றுபோனது. வியாதி முற்றுகிறது என்று அவள் பயந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளிக்குக் கம்பெனி ஒன்பது நாள் லீவு. வேலைக்கு வந்திருந்த தெற்கத்தி ஆட்கள் பையும் குழந்தையுமாகச் சொந்த ஊருக்கு பஸ் ஏறினார்கள். ஒன்பது நாள் மாத்திரை மிச்சம் என்று நான் டிராயரைப் பூட்டிவிட்டு, அத்தனையும் பையில் இருப்பதாக அவளிடம் சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் நாள் கட்டிலில் புரள முடியவில்லை. மூன்றாம் நாள் நல்ல காய்ச்சல், தெப்பலாக வேர்வை, உடம்பு மரக்கட்டை. சுவரைப் பார்த்து, துணியை நேராக விரிக்கச் சொல்லி உளறினேனாம். மழைக் காய்ச்சல் என்று நினைத்து அவள் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கிருந்த டாக்டர் என் கையை மடக்கிப் பார்த்துவிட்டு, "கை நடுக்கத்துக்கு மாத்திரை சாப்புடறாருன்னீங்களே, அதை நிறுத்திட்டாராம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். ஒரு வேளை கூட உட்டதில்லீங்க."

எவ்வளவு உறுதியாகச் சொன்னாள்! எனக்கு அது காதில் விழுந்தது. நாக்குப் புரளவில்லை. என் பொய்க்கு இவள் சாட்சி சொல்ல, நான் இப்படியே போய்விடுவேன் என்று பயந்தேன். வாழ்க்கையில் அப்படியொரு பயம் நான் பட்டதில்லை.

"என்ன மாத்திரைன்னு பாக்கோணும். அட்டையக் காட்டுங்க."

அவள் என் சட்டைப் பையில் கைவிட்டாள். காலி. "கம்பெனி டிராயர்ல..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, லீவு உட்டதுலிருந்து போடவே இல்லீங்களா?"

கண்ணை மூடித் திறந்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

அவள் டாக்டரிடம் திரும்பி, "மூணு நாளா போடலீங்க சார். நாந் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க" என்றாள். தப்பு அவளுடையது போல.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூக்கில் குழாய் வைத்து மருந்தை உள்ளே அனுப்பினார்கள். முதலாளி லீவு நாளில் ஷட்டரைத் திறந்து, டிராயரிலிருந்த அட்டைகளைக் கொண்டுவந்தார். நான் போடாமல் மிச்சம் பிடித்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள் தனிக் கவரில் இருந்தன. அவள் அதைப் படுக்கையில் கொட்டிப் பார்த்தாள். அழவில்லை.

நான் தெளிந்த பிறகு டாக்டர், இப்படிச் சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்றார். மாத்திரையைச் சேர்த்து வைத்தால் அதன் பலன் சேராது, வியாதி வளர வளர அளவை மாற்றிக் கொடுக்கத்தான் டாக்டர் இருக்கிறார் என்றும் சொன்னார். இந்தமுறை கேள்வி கேட்டேன், நிறையக் கேட்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "ஆறு நாளு கம்பெனிக்கு நல்ல மனுசனா இருந்தீங்க. எனக்குன்னு இருந்தது ஒரு நாளு. அதுக்கு மாத்திரை போடறது தெண்டம்னு நெனச்சீங்களா?"

கத்தி இப்போது வேறொருவர் கையில். நான் மார்க் போடுகிறேன். மாத்திரை அட்டை அடுப்படியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலைக்குக் கொண்டுபோவதை அவளே எடுத்துக் கொடுப்பாள்.

வீடு திரும்பிய பின் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கு மாத்திரை போட்டேன். பல்லடம் போவதற்காகச் சட்டையை மாட்டினேன். அவள் வழக்கம்போல ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பட்டன் போட வந்தாள். ஐந்து பட்டனையும் நானே போட்டிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், கட்டிலில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அழுதாள்.