பங்காக் கயிறு

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். படகு கவிழுமோ, சோறு குழையுமோ, அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா என்று பாதி வழியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கவலைப்படுவதைத்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்ட நான் ஒரு கோடை முழுக்க ஒரு மனிதனைப் பழிவாங்கக் காத்திருந்தேன்.

பர்மாவில் நாங்கள் குடியிருக்கும் தாகேதாவிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் படகேறி, ஆற்றுக்கு நடுவே ஒரு தீவுக்கு வேலைக்குப் போவோம். தீவு முழுக்க ஒரே ஆளுக்குச் சொந்தம். நம் தமிழாள்தான், அரிசி வியாபாரத்தில் வந்த காசு. வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார்கள் வெயிலுக்குப் பயந்து இப்படித் தீவுகளில் வந்து தங்குவார்களாம். அதைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று தேக்கு மாளிகை கட்டி, கட்டணம் வாங்கி விருந்தாளிகளைத் தங்கவைத்தார். வெள்ளைக் கோட்டும் பெரிய தொப்பியும் போட்டுப் படகுத்துறையில் நின்று வரவேற்பார். சமையலுக்கு நான், அதுவும் விறகடுப்பில். என் வீட்டுக்காரருக்குத் தலைப்பாகை கட்டி, கூடத்தில் உட்காரவைத்து, கூரையில் தொங்கும் துணி விசிறியான பங்காவைக் கயிற்றால் இழுக்கச் சொன்னார்.

"ஃபேன் எதுக்கு? இதுதான் ஒரிஜினல் காத்து," என்பார். விருந்தாளிகள் போனில் படம் எடுப்பார்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை என் வீட்டுக்காரருடையது. தோள்பட்டை கெட்டதால் அந்த வேலை போய்விட்டது. ஒருநாள் மத்தியான வெயிலில் கை ஓய்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். முதலாளி பூட்ஸ் நுனியால் அவர் காலைத் தட்டினார்.

"பாருங்க, அந்தக் காலத்துப் பங்காக்காரனும் இப்படித்தான் தூங்குவான். அசல் பரம்பரை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயசத் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன்.

வீட்டில் அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் நச்சரித்தபோது, "விட்டுத் தள்ளு. வேற வேல எங்க இருக்கு?" என்றார். அதோடு சரி.

என்னால் விட முடியவில்லை. சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டலாமா? விருந்தாளிக்கு ரத்தக்கொதிப்பு இருந்தால்? முதலாளியின் படகை அவிழ்த்துவிடலாமா? யாராவது முங்கிப்போனால்? நான் யோசித்த பழியெல்லாம் என் பயத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது.

அப்புறம் திஞ்சான் வந்தது. வருஷப் பிறப்புக்கு முன்னால் ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும் பண்டிகை. யார் ஊற்றினாலும் கோபப்படக் கூடாது. "இங்க திஞ்சானும் பழைய முறைப்படிதான்," என்று முதலாளி விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்னார். என்னோடு சமைக்கும் பர்மாக்காரிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை. என்னை அவள் பாஷையில் அமா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"அமா, பழைய முறையில பொம்பளைங்க சேந்து ஆம்பளையப் புடிச்சுக் கட்டுவாங்க. மூஞ்சியில பானைக் கரி பூசி, சொன்னதைச் செய்ய வைப்பாங்க. அவன் சிரிக்கணும்."

"கோவப்பட்டா?"

"இன்னும் பூசுவாங்க."

"வேலைய விட்டுத் தூக்கிட்டா?"

"பழைய முறைன்னு அவருதானே சொன்னாரு?"

சாப்பாடு முடிந்ததும் சமையல்கட்டுப் பெண்கள் எல்லோரும் கூடத்துக்குள் நுழைந்தோம். மற்றவர்கள் முதலாளியின் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கரி என் கையில். குறி தப்பவில்லை. மூக்கு, கன்னம், பிறகு அந்த வெள்ளைக் கோட்டு. பங்காக் கயிற்றின் நுனியை அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். பர்மாக்காரி என் வீட்டுக்காரரைக் கைபிடித்து எழுப்பி, முதலாளியின் துரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இழுங்க முதலாளி," என்றேன்.

விருந்தாளிகள் கைதட்டி, போன்களைத் தூக்கினார்கள். அவர் பல்லைக் காட்டிக்கொண்டே இழுத்தார். கண்ணில் சிரிப்பில்லை. கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது.

"தூங்கிறாதீங்க. அப்புறம் பரம்பரைன்னு சொல்லிருவாங்க."

என் வீட்டுக்காரர் அந்தக் காற்றில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

வருஷம் பிறக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். போகவில்லை. அந்தப் படங்களைப் பார்த்துக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. தன்னையும் இழுக்கச் சொல்வார்கள் என்றோ என்னவோ, முதலாளி பங்காவை எடுத்துவிட்டார்; கூடத்தில் மின்விசிறி சுற்றியது. தலைப்பாகையைக் காணோம். என் வீட்டுக்காரரைப் படகு இஞ்சினுக்கு மாற்றியிருந்தார்கள். வீட்டிலும் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் காலைத் தட்டியதற்கு முதலாளி இன்றுவரை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் ஒரு பானைக்கு மட்டும் நான் அடி தேய்ப்பதில்லை. அடுத்த திஞ்சானுக்குள் கரி நன்றாகத் தடித்துவிடும்.