டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர்

பேய் பார்த்தேன், முனி மறித்தது என்று யாராவது ஆரம்பித்தால் நான் உடனே கேட்பது, "எத்தனை அடி தூரத்துல நின்னுச்சு?" என்றுதான். பெரும்பாலும் அதோடு கதை நின்றுவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்கு மேல் இரண்டு வருஷம் ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு. அளக்க முடியாத எதையும் நம்ப மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அப்படிப்பட்ட நானே இதை எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, என்னிடம் அளவு நோட்டு இருக்கிறது.

தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம். அருப்புக்கோட்டையில் ஒரு சிமெண்டுக் கடை மாடியில் இருந்த எஞ்சினியர் அலுவலகத்தில் பிளான்களை டிரேஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு கட்டுகிற பார்ட்டிகளுக்குப் பிளான் புரியாது, கோலம் மாதிரி இருக்கிறது என்பார்கள். அதனால் வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று வண்ணத்தில் ஒரு படம் போட்டுக் காட்ட வேண்டும். அதை மதுரையிலிருந்து ஓர் ஓவியர் போட்டு அனுப்புவார். எல்லா வீட்டு வாசலிலும் இரண்டு தென்னை மரம், ஒரு வெளிநாட்டுக் கார். எங்கள் கரிசலில் தென்னைக்கு எங்கே போவது? நான் வாய் சும்மா இருக்காமல், "இடத்தைப் பாக்காமலே போடுறாரு சார். நான் போடுறேன், உள்ளதை உள்ளபடி போடுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

எஞ்சினியர் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு படம் போடு. பார்ட்டி ஒத்துக்கிட்டா இனிமே படமெல்லாம் ஒனக்குத்தான். ஒத்துக்கலேன்னா வேற ஆளைப் பாத்துக்கிருவேன், நீ ஊருக்கு பஸ் ஏறிற வேண்டியதுதான்."

ஊர் என்றால் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில். பஸ் ஏறினால் அம்மாவோடு பருத்தி எடுக்கப் போக வேண்டும். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை மகளுக்குக் கிடைத்துவிட்டது என்று அப்பா டீக்கடையில் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சமயம்.

முதல் படம் திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சிக்கு. மனையைப் பார்த்து அளந்துவர நான் போன அன்றைக்கு, கூட வருவதாகச் சொன்ன கொத்தனார், தன் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். உச்சி வெயில், ஐம்பதடித் துணி டேப், நான் ஒருத்தி. ஆணியை அடித்து அதில் டேப்பின் வளையத்தை மாட்டிவிட்டு மறுபக்கம் ஓடினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மூன்று தரம் அப்படி ஆனது. நாலாவது தரம் குனிந்து ஆணியைத் தேடும்போது கப்பியில் கயிறு ஓடுகிற சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால் தெற்கு ஓரத்தில் ஒரு கிணறு, ஒரு அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கருவேலஞ்செடி மறைத்ததால் முதலில் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வயசு இருக்கும், காதில் கனமான பாம்படம்.

"பொம்பளப்பிள்ளையா அளக்குற?" என்றார். "நீ அளந்தா ஒத்துக்கிருவாகளா?"

"ஒத்துக்கிற மாதிரி அளப்பேன்க்கா. இந்த முனையக் கொஞ்சம் பிடிக்கிறீகளா?"

சிரித்துக்கொண்டே வந்து பிடித்தார். முதலில் கிணற்றின் குறுக்களவு, ஆறடி இரண்டு அங்குலம். அப்புறம் தென்மேற்கு மூலைக் கல்லில் முனையை வைக்கச் சொன்னேன். "கல்லு மேலேயே வச்சிருக்கேன் தாயி. எனக்கு எழுத்துத் தெரியாது, நீயே படிச்சுக்க" என்றார். கல்லிலிருந்து கிணற்று விளிம்பு வடக்கே சரியாக ஒன்பது அடி. எழுதிக்கொண்டேன். அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

படம் போட ஆறு நாள் ஆனது. தென்னை இல்லை, கார் இல்லை. ஒரு வேப்பமரம், வாசலில் அண்ணாச்சியின் சைக்கிள், தெற்கே காலியிடத்தில் அந்தக் கிணறு. சாரே, "பரவாயில்லையே" என்றார்.

அண்ணாச்சி கடையில் படத்தை விரித்தோம். அவர் துணி அளக்கிற மாதிரி ஒரு ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். "ஏம்மா, பக்கச் சுவரு முன்னால ரெண்டு அங்குல உசரம் இருக்கு, பின்னால ஒண்ணுதான் இருக்கு. பாதி வீட்டைத் தின்னுட்டியே!"

அவரைக் கையோடு ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தந்திக்கம்பங்களைக் காட்டினேன். "அந்தா, கடைசிக் கம்பம் சின்னதாத்தான தெரியுது? போயி அளந்தா எல்லாம் ஒரே உசரம் அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "அட! நாப்பது வருசமா இந்தக் கம்பத்துக்குக் கீழதான் நிக்கேன்" என்று கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்று நான் நினைத்த நிமிஷம், அவர் படத்தில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா, கிணறா? என் மனையில ஏது கிணறு?"

சார் என்னைப் பார்த்தார். மதுரை ஓவியர் தென்னை போட்டார், இவள் கிணறு போட்டுவிட்டாள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. மூன்று பேருமாக மனைக்குப் போனோம். வெறும் தரை, கருவேலஞ்செடி. கிணறும் இல்லை, கப்பியும் இல்லை. ஆனால் நோட்டில் என் கையெழுத்தில் அளவு இருக்கிறது. ஆறடி அகலக் கிணற்றை ஓர் ஆள் தனியாகத் துணி டேப்பால் எப்படி அளக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

"அழிச்சுரும்மா, முடிஞ்சுபோச்சு" என்றார் சார்.

"அளந்ததை அழிக்க மாட்டேன் சார்" என்றேன். எங்கிருந்து அந்தத் திமிர் வந்ததோ தெரியாது.

விஷயம் கேள்விப்பட்ட அண்ணாச்சியின் மனைவிதான் வழி சொன்னார். குடிதண்ணீருக்கு அரை மைல் நடக்கிறவர் அவர். "வானம் தோண்ட ஆளு வரத்தான செய்யும், அங்கனயும் ரெண்டு வெட்டு வெட்டச் சொல்லுங்க. கிணறு இல்லேன்னா இந்தப் பிள்ளைய வையலாம், இருந்துச்சுன்னா ஒங்கள வைவேன்." எங்கள் பக்கம் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பேர்.

வானம் தோண்டிய அன்றைக்கு அங்கேயும் வெட்டினார்கள். முழங்கால் ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. வளைவாகப் போனது. சாயங்காலத்துக்குள் முழு வட்டம் தெரிந்தது, மண் போட்டுத் தூர்த்த பழைய கிணறு. சார் தானே இறங்கிக் குறுக்கே டேப்பைப் பிடித்தார். ஆறடி இரண்டு அங்குலம். அண்ணாச்சியின் மனைவி அவரை வைய ஆரம்பித்திருந்தார்.

ஆனால் சார் மூலைக் கல்லிலிருந்தும் அளந்தார். ஏழரை அடி.

"ஒன்பதுன்னு எழுதியிருக்க. ஒண்ணரை அடி தப்பு. எப்படியோ கிணத்தைக் கண்டுபிடிச்சுட்ட, சரி. ஆனா அளவு தப்புறவளுக்கு எங்கிட்ட வேலை இல்லம்மா."

சத்தியமாகச் சொல்கிறேன், கிணறு கிடைத்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. பேய் பிடித்தவள் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அளவு தப்பியவள் என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. "கல்லு தப்பா இருக்கும் சார், நான் தப்பில்ல. சர்வேயரக் கூப்பிடுங்க. அவரும் ஏழரைன்னு சொன்னா நானே பஸ் ஏறிக்கிறேன்" என்றேன்.

தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வரப் பத்து நாள் ஆனது. அவர் வரைபடத்தை விரித்துச் சங்கிலியைப் போட்டு அளந்து, கடைசியில் தெற்கே பக்கத்து மனைக்குள் ஒன்றரை அடி தள்ளி ஒரு குச்சியை ஊன்றினார். "கல்லு இங்க இருக்கணும். எவனோ நகட்டி வச்சிருக்கான்."

பக்கத்து மனைக்காரப் பெரியவர் தலையைச் சொறிந்தார். "எங்கய்யா வேலை. நான் பெறக்குறதுக்கு முந்தியே நடந்தது, என்னையக் கோவிச்சு என்ன செய்ய?"

குச்சி ஊன்றிய இடத்தில் தோண்டினார்கள். ஒரு முழ ஆழத்தில் உடைந்த பழைய கல்லின் அடிப்பாகம் இருந்தது. அதிலிருந்து கிணற்று விளிம்புக்கு டேப்பைப் பிடித்தவர் சார், அளவைப் படித்தவள் நான். ஒன்பது அடி. ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

அண்ணாச்சி ஒன்றரை அடி நிலம் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மறுநாள் என் மேஜையில் இரண்டு புதுப் பார்ட்டிகளின் பிளானும் புது பிரஷ்ஷும் இருந்தன. அதிலிருந்து இன்றுவரை படம் போட்டுத்தான் பிழைக்கிறேன். வீரசோழன் ஊர் வரைக்கும் பார்ட்டிகள். "தாயி, நம்ம படத்துலயும் ஒரு கிணத்தப் போடு" என்று கேட்கிறவர்களிடம் சண்டை போட்டே எனக்குப் பாதித் தொண்டை போய்விட்டது.

அன்றைக்கு டேப் பிடித்த அந்த அக்கா யார் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். வீட்டுப் படம் போடுகிறவள் காகிதத்தில் முதலில் இழுக்கிற கோடு கண்மட்டக் கோடு, பார்க்கிற ஆளின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்தக் கோடு. அதை இழுக்கும்போதெல்லாம் அந்த மத்தியானம் ஞாபகம் வருகிறது. ஒன்பதடியைப் படிக்க நான் கிணற்றோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் நேராக நின்றுகொண்டிருந்தார், குனியவே இல்லை. ஆனாலும் முனை அவர் கையில் தரையோடு இருந்தது, அவர் கண் என் கண்ணுக்கு நேர் மட்டத்தில் இருந்தது. அந்தப் பக்கம் பள்ளம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பிறகு ரசமட்டக் குழாய் பிடித்து நானே பார்த்தேன், மனை முழுக்க ஒரே மட்டம். அவர் நின்றது, மண்ணுக்குள் முழங்கால் ஆழத்தில் இருந்த அந்தப் பழைய தரையில்.