நடந்துகொண்டே ஒரு ஜெபக் கூட்டம்

2010 வாக்கில் நடந்தது இது. செகந்திராபாத்தில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எனக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்காருவேன், பிறகு ஆபீஸில் உட்காருவேன், வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால் உட்காருவேன். "உட்காருவதற்கே சம்பளம் வாங்குகிற மனுஷன்" என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்வாள். உடம்பும் அந்த வேலைக்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. துணிக்கடைக்குப் போனால், நான் வாய் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் மேல் அலமாரிக்கு ஏணி போட்டுவிடுவார்.

அந்த வருஷம் என் தங்கைக்கு ஈரல் கெட்டுப்போயிற்று. அவள் பள்ளிக்கூட டீச்சர். எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. உடம்பே தன் ஈரலைத் தாக்குகிற ஒரு வியாதி. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு. மாப்பிள்ளைக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குத்தான் சேர்ந்தது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தாலும் இரண்டு பேருக்கும் திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னபோது, ஆண்டவர் எவ்வளவு யோசித்துப் படைத்திருக்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன்.

அந்த நெகிழ்ச்சி ஸ்கேன் எடுக்கிறவரைதான். என் ஈரல் நிறையக் கொழுப்பு. இதை வெட்டினால் கொடுக்கிறவனுக்கும் ஆபத்து, வாங்குகிறவளுக்கும் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். இரண்டு மாதத்தில் கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். அதற்கு மேல் தங்கை தாங்குவாளா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

அவரே கொஞ்சம் தொப்பை உள்ளவர்தான். ஆனால் விஷயத்தைப் புரியும்படி சொன்னார். சாப்பிடுகிற எண்ணெயும் நெய்யும் உடம்புக்குள் போனதும் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கால், கை, தொடைச் சதை வேலை செய்தால் அவை கூப்பிட்டு வாங்கி எரித்துவிடும். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற பருத்த உடம்பில் சதை அவ்வளவாகக் கேட்பதில்லை. அப்போது அது வயிற்றில் தங்கும், ஈரலிலும் போய்ப் படியும். பட்டினி கிடக்காதீர்கள், எண்ணெயைக் குறையுங்கள், தினமும் மூச்சு வாங்க நடங்கள் என்றார்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் சபையில் செய்தி பரவிவிட்டது. அண்ணன் தங்கைக்கு ஈரல் கொடுக்கப் போகிறான் என்றதும் எங்கள் வீட்டில் வாராவாரம் ஜெபக் கூட்டம் வைத்தார்கள். வந்த பெண்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவனுக்குத் தெம்பு வேண்டாமா? நெய் மிதக்கும் பகாரா சாதம், முட்டை, அல்வா. பக்கத்து வீட்டுப் பாய், ஓய்வு பெற்ற ஃபிட்டர், பெரிய தூக்கில் ஆட்டுக்கால் பாயா கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பார். ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று சொல்லியும் பார்த்தேன். இருந்தால்தானே தம்பி கொடுக்க முடியும் என்றார்கள். அழுத கண்ணோடு ஒருவர் நீட்டுகிற தட்டை எப்படித் தள்ளுவது? தள்ளினால் ஜெபத்தையே தள்ளின மாதிரி இருக்கும்.

ஒரு கூட்டத்துக்குத் தங்கையும் வந்தாள். மஞ்சள் படர்ந்த கண்ணோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் பாடக்கூடத் தெம்பில்லை. ஜெபம் முடிந்து தட்டுகள் வரிசையாக என் பக்கம் வந்தன. அவள் கையை நீட்டி முதல் தட்டை நிறுத்தினாள்.

"நக்கோ ஆன்ட்டி, வேணாம். அண்ணன் சாப்பிடறது எல்லாம் எனக்குத்தான் வரப்போவுது. எனக்கு நெய் ஒத்துக்காது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது. சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவியம்மா கையிலிருந்த அல்வாவைக் கீழே வைத்தார். பிறகு என்னதான் செய்யணும் என்று கேட்டார். டாக்டர் சொன்னதைத் திரும்பவும் முழுதாகச் சொன்னேன். இந்த முறை கேட்டார்கள்.

"அப்ப முட்டி போட வேணாம். நடந்துக்கிட்டே ஜெபம் பண்ணுவோம்" என்றார் தலைவியம்மா.

மறுநாள் காலை ரயில்வே மைதானத்தில் போய்ப் பார்த்தால், சேலையும் கேன்வாஸ் ஷூவுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்களுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. முன்னால் போகிறவர் ஒரு வரி ஜெபம் சொல்வார், பின்னால் வருகிறவர்கள் மூச்சிரைக்க ஆமென் சொல்வார்கள். நான் நின்றால் ஜெபமும் நிற்கும் என்பதால் நிற்க முடியாது. பாயும் வந்து சேர்ந்துகொண்டார். தான் ஊட்டிய பாயாவைத் தானேதான் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் பங்குக்குத் துஆ ஓதிக்கொண்டே நடந்தார். மதியம் ஆபீஸில் சாப்பிட்டதும் மற்றவர்கள் நாற்காலிக்குப் போவார்கள். நான் கட்டடத்தைச் சுற்றி வருவேன்.

கெடு நெருங்கியபோது ஸ்டேஷனில் காசு போடுகிற எடை மிஷினில் ஏறினேன். அட்டை வந்து விழுந்தது. ஒரு பக்கம் உங்கள் முயற்சி வெற்றி பெறும் என்று அச்சடித்திருந்தது. மறுபக்கம், எடை ஏறக்குறைய பழையபடியே. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேர் நடந்தும் நான் கரையவில்லை. என் உடம்பு என் தங்கையைக் கொல்லப் போகிறது என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

அவளுக்கே போன் செய்து சொன்னேன்.

"நான் உன் எடையையா கேட்டேன்ணா? ஈரலைத்தானே கேட்டேன். போய் ஸ்கேன் எடு" என்றாள்.

எடுத்தேன். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் மாட்டி, மாறி மாறிப் பார்த்தார். எனக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது, தேதி குறிக்கலாம் என்றார். எடை குறையவில்லையே என்று நானே அவரோடு வாதாடினேன். மிஷினுக்கு மொத்தக் கனம்தான் தெரியும் என்றார் அவர். உள்ளே எது எங்கிருந்து எங்கே போனது என்று அதற்குத் தெரியாதாம். சதை கேட்க ஆரம்பித்துவிட்டது, சாப்பிட்ட கொழுப்பு அங்கே போய் எரிகிறது, ஈரலுக்குப் பாரம் இறங்கிவிட்டது என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து தங்கை பிழைத்தாள். மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள், என்னை விடச் சத்தமாகப் பேசுகிறாள். கொஞ்சம் குண்டானதும், எல்லாம் உன் ஈரல் செய்கிற வேலை என்று பழியை என்மேல் போட்டாள்.

நான் இன்றும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிறேன். இத்தனை நடந்தும் குறையவே இல்லையே சார் என்று ஆபீஸில் யாராவது கேட்பார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்றுப் போவேன். ஒரு மனிதனுக்குள் என்ன மாறிக்கொண்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது என்று, அன்றிலிருந்து எந்த மனிதரைப் பார்த்தாலும் எனக்குத் தோன்றுகிறது.