வெள்ளி வாள்

அது தொண்ணூற்றாறு. பல்லாவரம் தோல் கம்பெனி ஆபீசில் ஒரே கம்ப்யூட்டர். சாப்பாட்டு வேளையில் ஐசக்கும் ஹில்டாவும் அதில் மாறி மாறி ஒரே கேம் ஆடுவார்கள். அவரவர் வீரருக்கு அவரவர் பெயர். ஐசக்கின் வீரர் குகை டிராகனிடம் மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார். நேற்று வந்த ஹில்டாவுக்கோ வெள்ளி வாளே கிடைத்துவிட்டது. ஐசக்குக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, அவள் பாதியில் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை ஐசக் திறந்தார். அந்த வாள் இருந்தால் எந்த மடையனும் ஜெயிப்பான் என்று காட்ட வேண்டும். டிராகன் இரண்டே வெட்டில் சாய்ந்தது. ‘மாவீரர் ஹில்டா’ என்று திரை ஆங்கிலத்தில் கொண்டாடியது.

பின்னால் நின்ற பியூன் சேட்டு கைதட்டினான். “சந்தைக்குப் போன ஹில்டாக்கா ஜெயிச்சிட்ச்சே!”

“ஆடினது நான்டா!”

“அவுங்களுக்காவ ஆடிக் குட்த்தீங்களா? இன்னா மனசு சார் உங்களுக்கு!”