பெரியமுத்துவின் முழங்கால் கவ்வாத்து

ஏலப்பாறையில் மூளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கூராக வைத்திருந்த மனிதர் பெரியமுத்து. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மறுபடி துளிர்க்க விடுவதற்கு எஸ்டேட்டில் கவ்வாத்து என்று பெயர். அந்த வேலைக்குக் கங்காணியாக மலை மலையாகத் திரிந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆள்தான், கத்தி இல்லை. பேரன் தலையில் பேன் என்றால் மொட்டை. ஆட்டுக்கு உண்ணி என்றால் அதன் தாடி போச்சு. சேவல் நேரங்கெட்டுக் கூவினால் கொண்டை போச்சு. அவர் கத்தி தீட்டும் சத்தம் கேட்டால் மேகம்கூட விளிம்பைச் சுருட்டிக்கொண்டு வாகமண் பக்கம் ஓடிவிடுமாம். அதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"சீக்கு எதுல வந்தாலும் மேலாலதான் வரும். மேல வெட்டிட்டா கீழ சொகம்." அவர் படித்த படிப்பு மொத்தமும் இவ்வளவுதான்.

இந்தப் படிப்பாளியின் அக்கா மகள் ராமுத்தாய். கோட்டயத்துக்காரர் பிஜு கட்டிய ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. பிஜுவின் புத்தியும் லேசுப்பட்டது அல்ல. சன்னலைத் திறந்தால் மலை முழுக்கப் பச்சை. அதைப் பார்க்கத்தான் விருந்தாளிகள் வருகிறார்கள். வந்தவர்கள் பார்ப்பதற்கு என்று ஹாலுக்குள்ளே தொட்டித் தொட்டியாக வேறு பச்சை. ரப்பர் செடி, அரேக்கா பனை, மணிப்ளான்ட், வெள்ளைப் பூ விடும் ஆர்க்கிட். அவற்றுக்குக் குளிரக் கூடாதென்று மார்கழியில் ஹீட்டர். ராமுத்தாய் குடியிருந்த பின்கட்டு அறைக்கு ஹீட்டர் கிடையாது. அவள் செடி இல்லையே.

"செடி போயால் ஆளும் போகும், கேட்டோ" என்று பிஜு சொல்லிவைத்திருந்தார். ஆள் போனால் அந்தப் பின்கட்டும் போகும்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இலைக் காம்புகளின் இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குச்சியால் நோண்டினால் நகர்ந்தது. மாவுப்பூச்சி. இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. பாவம் செடி, குளிரில் வாடுகிறது என்று ராமுத்தாய் அதை ஹீட்டருக்குப் பக்கத்தில் தள்ளி, நேரத்துக்கு ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றினாள். பூச்சிகளுக்குக் கல்யாண வீடு ஆயிற்று. அனலுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிகளில்தான் கூட்டம் அதிகம் என்பதை அவளே கண்டுபிடித்தபோது நாலு தொட்டிகள் வெளுத்திருந்தன.

அந்த நாலையும் தூக்கிக் குளியலறையில் தனியே வைத்துக் கதவைச் சாத்தினாள். தண்ணீரைக் குறைத்தாள். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, இலையின் அடிப்புறம், காம்பின் இடுக்கு என்று துடைத்தெடுத்தாள். விரலுக்கு எட்டாத இடுக்குக்குப் பஞ்சு வேண்டும். கடைக்குப் போகக் கிளம்பியவள், வாசலில் வந்து நின்ற மாமனிடம் வாய் தவறி விஷயத்தைச் சொன்னாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

"ஏ புள்ள, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற? நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா."

"மாமா, நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

சும்மா உட்காருவது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

பஞ்சோடு திரும்பி வந்த ராமுத்தாய் ஹாலில் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஹால் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள். ஒரே மட்டம், நூல் பிடித்தாலும் அவ்வளவு நேர் வராது. ரப்பர் செடி பால் வடித்துக்கொண்டிருந்தது. ஆர்க்கிட் முழங்காலுக்கும் கீழே இருந்தபடியால், அதற்கு மட்டும் கணுக்கால் கவ்வாத்து. அரேக்கா பனைக்குத் தலையே இல்லை. தலை போன தென்னை துளிர்க்காது என்று எஸ்டேட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பெரியமுத்துவுக்குத் தெரியாது.

நோயாளிகள் நாலும் சாத்திய கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. சுகமாக இருந்தவற்றுக்குத்தான் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

"என்ன மாமா இது!"

"மூணே மாசம். கொழுந்து கிள்ள நீ கூடை கட்டிக்கிட்டு வரணும், பாத்துக்கோ." பெரியமுத்து வெட்டிய கிளைகளைக் கட்டாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டார். கவ்வாத்துக் குச்சி வெட்டியவன் அடுப்புக்கு. அது எஸ்டேட் வழக்கம்.

ராமுத்தாய் அழவில்லை. அழுது என்ன? மறுநாள் பிஜு வருகிறார். குரங்கு வந்தது, ஆடு புகுந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். எந்த ஆடு மட்டம் பார்த்து மேயும்? பெரியமுத்துதான் செய்தார் என்று இவள் சொன்னால், மாமன் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். இவள் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டிய வாய் வேறொன்று இருக்கிறது, அது லேசில் மூடாது. அவளுக்குத் தன் மாமனைத் தெரியும்.

"மாமா, நாளைக்கு மொதலாளி வர்றாக. உங்க வேலைய நீங்களே காட்டுனாத்தான் மதிப்பு. நான் சொன்னா எனக்குல்ல பேரு வந்துரும்?"

"அதானே!" என்றார் பெரியமுத்து.

மறுநாள் மீசையை முறுக்கி, வெளுத்த வேட்டி கட்டி, பிஜுவின் காருக்கு முன்பே வந்து நின்றார். பிஜு உள்ளே வந்தார். குச்சிகளைப் பார்த்தார். ராமுத்தாயைப் பார்த்தார்.

"ராமுத்தாயீ! இது எந்தா இது? ஆரா இது செய்தது?"

ராமுத்தாய் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.

"நான்தான் சார், பெரியமுத்து!" மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "புள்ள வேண்டாம் வேண்டாம்னுச்சு. பொம்பளப் புத்தி, இதுக்கு என்ன தெரியும்? அது கடைக்குப் போன நேரத்துல ஒத்தக் கையால முடிச்சுட்டேன். மட்டத்தப் பாருங்க சார், மட்டத்த!"

பிஜுவின் முகம் பழுத்த மிளகாய் போலாயிற்று. வாயிலிருந்து வந்த மலையாளத்தில் பாதிக்கு மேல் அச்சில் ஏறாது. பெரியமுத்து ஒவ்வொரு வசவுக்கும் தலையாட்டி, "முழங்கால் கவ்வாத்து சார், முழங்கால்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ராமுத்தாய் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள். துடைத்த இலைகள் மினுங்க, நாலு தொட்டிகளும் அங்கே நின்றன. பிஜு குனிந்து ஓர் இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இது நீயா?"

"சோப்புத் தண்ணியில தொடச்சேன் சார்."

"இதையெல்லாம் ஹாலில் வை. பின்னே, இயாளு இனி கேட்டினகத்து கேறான் பாடில்லா. சாவி நின்டெ கையிலல்லே? பூட்டிக்கோ."

அந்த ஆள் இனி கேட்டுக்குள் காலை வைக்கக் கூடாதாம். சாவி அவள் கையில்தான் இருந்தது. மாமனை வழியனுப்பிவிட்டு, சத்தம் கேட்கும்படியே பூட்டினாள்.

சாயங்காலம் பூபதிராஜாவின் டீக்கடையில் பெரியமுத்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மொதலாளிக்குப் பேச்சே வரலைடா. என் வேலையப் பாத்துக் கண்ணு கலங்கிருச்சு."

"அப்பறம் ஏன் கேட்டப் பூட்டிட்டாகளாம்?" என்றான் பூபதிராஜா.

"நாலு பேரு பாத்துட்டு என் வேலைய அப்படியே காப்பியடிச்சிருவான்ல? அதான்."

பூபதிராஜா கடை வாசலில் இருந்த துளசித் தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, அவருக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டான்.