இருநூறு ஸ்டோன் விளைச்சல்

இந்த ஊரில் மண்வெட்டியைக் காலால் மிதித்துத்தான் தோண்டுகிறார்கள். நேரான காம்பு, அடியில் தகடு, தகட்டின் மேல்விளிம்பில் பூட்ஸை வைத்து ஓர் அழுத்து. எங்கள் ஊர் வடக்கனந்தலில் மண்வெட்டியில் தெரியாமல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான். அயர்லாந்தின் மேற்குக் கரையில் சொந்த வீட்டுக்கு வந்த முதல் வசந்தத்தில், கேரட் விதைக்கத் தோட்டத்தில் இறங்கி, ஒவ்வொரு மிதிக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மிதித்தும் பலனில்லை. இரண்டு விரல் ஆழத்தில் ‘டங்’கென்று நின்றுவிடும். கீழே முழுக்கக் கல்.

கல் எனக்குப் புதிதல்ல. கல்வராயன் மலையடிவாரத்தில் நாங்கள் குத்தகைக்கு மரவள்ளி போட்ட நிலமும் அப்படித்தான். பொறுக்கிப் பொறுக்கி வரப்பில் போடுவோம். அடுத்த மழைக்குப் புதுக் கல் தலை நீட்டும். பிடுங்கும்போது கல்லில் மாட்டி முறிந்த கிழங்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகாது, எங்கள் அடுப்புக்கு வரும். பச்சை மிளகாய்த் துவையலோடு அதைத் தின்பதற்காகவே, கிழங்கு முறியட்டும் என்று நானும் தம்பியும் காத்திருப்போம்.

அந்தத் தைரியத்தில்தான் இங்கும் கல் பொறுக்கினேன். தொட்டியில் வளர்த்தால் போதாதா என்றார் என் கணவர் குமார். எனக்குப் போதாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அதைவிட்டால் வீடு. தெருவில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் வானிலையைத் தாண்டி யாரும் என்னிடம் பேசியதில்லை. இந்த மண்ணில் ஏதாவது ஒன்று என் கையால் முளைக்க வேண்டும் என்று பிடிவாதம். போனில் அம்மாவுக்குச் சிரிப்பு. “கல்லு பொறுக்கிக்கினு இருக்கத்தான் ப்ளேன் ஏறிப் போனியா? இங்கயே ஜாஸ்தி கெடக்குதே.”

இலையுதிர் காலத்தில் நான் கடைசிப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு நோரா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். தபால் வண்டி ஓட்டுபவர்.

“எத்தனை ஸ்டோன் எடுத்தாய்?” என்று கேட்டார்.

மூலையில் குவித்திருந்த கற்களைப் பார்த்தேன். “இருநூறுக்குக் குறையாது” என்றேன்.

“இந்தச் சின்ன இடத்திலா?”

“இன்னும் இருக்கிறது. தோண்டத் தோண்ட வருகிறது.”

“இருநூறா!” என்று கூவினார் நோரா. கல்லுக்கு இவ்வளவு ஆச்சரியமா என்று எனக்கும் வியப்பு. மறுநாள் அவருடைய தபால் வண்டி போன வீடுகளுக்கெல்லாம் என் விளைச்சலும் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை வாசலில் சாக்குப் பைகளோடு நாலைந்து பேர். முன்னால் நின்ற பெரியவர், இரண்டு ஸ்டோன் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார். இரண்டென்ன, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் கற்குவியலைக் காட்டினேன். அவர் குவியலைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தம் கேட்டு வந்த நோராவுக்குத்தான் விஷயம் விளங்கியது. இங்கே உருளைக்கிழங்கையும் கேரட்டையும் ஸ்டோன் கணக்கில் நிறுப்பார்களாம்; ஒரு ஸ்டோன் ஆறு கிலோவுக்கு மேல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நோரா சிரித்துச் சிரித்து அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முகம் சுட்டது. விளைந்தது ஒரு வாளி கேரட். கல்லுக்குப் பயந்து பிளந்து, இரண்டு கால், மூன்று கால் முளைத்தவை. ஒன்று சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. தேங்காய் போட்டுப் பொரியல் செய்து, டீயோடு கொடுத்தேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். சாக்கோடு வந்த பெரியவர், கற்களை வீணாக்காதே என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் திரும்பி வந்தார். வேலி சரிந்திருந்த இடத்தில் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கி, இடுப்பளவுச் சுவர் எழுப்பிக் கொடுத்தார். அதன் மேல் டீக் கோப்பையை வைத்துக்கொண்டுதான் இப்போது நோரா என்னிடம் தெருக்கதை முழுவதும் சொல்கிறார்.

நேற்று மதியம் இங்கே அபூர்வமான வெயில். அம்மா வீடியோவில் மரவள்ளிச் செடிகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று படம் ஆடியது. “மலைப் பக்கம் இருட்டிக்கினு வருது. துணி காயுது, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். நான் தோட்டத்துக்கு ஓடிக் கொடியிலிருந்த துணிகளை உருவி, தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். என்ன ஆயிற்று என்றார் நோரா. மழை வருகிறது என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.