வருத்தம் மாறியிருக்கிறது

மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத ஒரு காலையில், பக்கத்து வீட்டுப் பாண்டியிடம் "பிள்ளைக்கு வருத்தம்" என்றேன். பாண்டி மதுரை செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டுக்கும் அவருடைய தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் பதறிப்போய், "யாருண்ணே புள்ளைய வஞ்சது?" என்று கேட்டார். காய்ச்சலுக்கும் வைவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் அப்போது இல்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தானுக்கு வருத்தம் என்றால் உடம்பில் வருகிற நோய், மதுரைக்காரருக்கு மனதில் வருகிற துயரம் என்பது பிடிபட எனக்கு நெடுநாள் ஆனது. தமிழ் பேசுகிற ஊரில்தானே இருக்கிறாய், உனக்கென்ன குறை என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்காகவும், ஒரு சொல்லும் புரியாத நாடுகளில் போய் இறங்கிவிட்ட மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்றாலும் கொழும்பில் நான் நில அளவையாளனாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. அகதி முகாமாக மாறிய ஒரு பள்ளிக்கூடத்தில் என் மனைவி காய்ச்சல் கண்டு இறந்தாள். மகள் வதனியைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மதுரைக்கு வந்து சேர்ந்தேன். காணி அளந்த கை ஒரு துண்டுக் கடையில் பார்சல் கட்டியது. அதிலும் எனக்குக் குறையேதும் தோன்றவில்லை. நான் அழவில்லை. குழம்பில் உப்பில்லை என்பதை வதனிதான் சொல்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் விடியுமுன்பே தறி அடிக்கத் தொடங்கும். அது என் காதில் விழுந்ததாக நினைவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வதனி என் முதுகில் தொங்கினால் ஒரு பார்சலின் பாரம் தெரியும், அவ்வளவுதான். கனடாவில் இருக்கிற மச்சாள், அதாவது மனைவியின் தமக்கை, பிள்ளையைத் தன்னிடம் அனுப்பிவிடும்படி கேட்டபோது "சரி" என்றேன். கடை முதலாளி டீ வேண்டுமா என்று கேட்டாலும் அதே குரலில்தான் சரி சொல்லியிருப்பேன்.

தூக்க மாத்திரை கேட்டுத்தான் தல்லாகுளத்தில் அந்த மனநல மருத்துவரிடம் போனேன். நடுவயதுப் பெண்மணி. மாத்திரையை எழுதுவதற்கு முன் நேராக என் முகத்தைப் பார்த்து, "வருத்தமா இருக்கா சார்?" என்று கேட்டார்.

"இல்லை. ஒரு வருத்தமும் இல்லை. இந்தியாவுக்கு வந்த நாள் தொடக்கம் ஒரு தடிமன், இருமல்கூட வரேல்லை" என்றேன்.

அவர் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், வியாழக்கிழமைதோறும் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்றார். பேசுவது எப்படி வைத்தியமாகும் என்று கேட்கக்கூட எனக்குச் சலிப்பாக இருந்தது. போனேன். வீடு எரிந்ததையும் மனைவி செத்ததையும் சொன்னேன். அதைப் போலீசுக்கும், அகதிகளைப் பதிகிற அதிகாரிக்கும், துக்கம் கேட்க வந்த உறவினருக்கும் முன்பே சொல்லியிருந்ததால் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பதுகூட எனக்குப் பாடம். டாக்டர் கையமர்த்தினார். "இது நீங்க ஆபீசருக்குச் சொன்னது சார். எனக்கு அவங்களப் பத்திச் சொல்லுங்க. உங்கள எப்படிக் கூப்புடுவாங்க?"

"இஞ்சேருங்கோ எண்டு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். திரும்பி வருகையில் பஸ் வைகைப் பாலத்தில் ஏறியதும் என் கை நடுங்கத் தொடங்கியது. நெஞ்சு அடித்த அடியில் பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டுவிடுமோ என்று கூச்சமாக இருந்தது. ஆற்றில் தண்ணீர்கூட இல்லை, வெறும் மணல். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் எனக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்பியது. பாலத்தில் நடுக்கம். விடியற்காலையில் திடுக்கென்ற விழிப்பு. வதனி பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சற்றுப் பிந்தினால் தெருமுனைவரை ஒரு ஓட்டம். மாதக்கணக்காக மரக்கட்டையாக நிம்மதியாகத்தான் இருந்தேன். பேசப் போய் இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனே என்று எரிச்சல் வந்தது. டாக்டரிடம் அதைக் கோபமாகவே சொன்னேன். அவரோ சந்தோஷப்பட்டார். "மோசம்னு நெனைக்காதீங்க. உங்க வருத்தம் மாறியிருக்கு சார்" என்றார்.

எங்கள் ஊரில் வருத்தம் மாறிவிட்டது என்றால் நோய் தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சல் மாறிட்டுது, இருமல் மாறிட்டுது என்றுதான் சொல்வோம். ஆக, எனக்குச் சுகமாகிவிட்டது. படித்த டாக்டர் பார்த்துச் சொல்கிறார். அடுத்த வாரம் பார்ப்போம் என்று அவர் சொன்னதை மரியாதைக்காகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, நன்றி கூறிவிட்டுப் புறப்பட்டேன். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

சுகமான மனிதன் எப்படி இருப்பான் என்பதை அந்த வாரங்களில் செல்லூர் பார்த்தது. ஒருநாள் காலையில் சுவருக்கு அப்பால் தறி அடிக்கிற சத்தம் என் மண்டைக்குள் இறங்கியது. எழுந்துபோய்த் தறிக்கூடத்து வாசலில் நின்று பாண்டியைப் பார்த்துக் கத்தினேன். மனுசன் குடியிருக்கிற தெருவா, இல்லை இரும்புக் கடையா என்று என்னவெல்லாமோ கேட்டேன். பாண்டி தறியை நிறுத்திவிட்டு வந்தார். கோபப்படவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: "ஏண்ணே, வந்து இம்புட்டு நாளாச்சு, இன்னைக்குத்தான் காதுல விழுதா?"

வதனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் என் பக்கத்தில் வரவில்லை. "சும்மாவே உக்காந்திருப்பீகள்ல, அப்ப எனக்குப் பயமா இல்லப்பா" என்றாள், பள்ளிக்கூடத்தில் பழகிவிட்ட மதுரைப் பேச்சில். சுகமான தகப்பனைக் கண்டு பிள்ளை பயப்படுகிறதே என்று யோசித்துத்தான் மறுபடி தல்லாகுளத்துக்குப் பஸ் ஏறினேன்.

"ஏன் சார் நின்னுட்டீங்க?" என்றார் டாக்டர்.

"நீங்கள்தானே வருத்தம் மாறீட்டுது எண்டனீங்கள்."

"ஆமா, மாறியிருக்குன்னேன். போயிருச்சுன்னு சொல்லலையே?"

 பிறகு நான் விளக்கினேன். மாறுவதை விளக்கினால் வருத்தத்தையும் விளக்கவேண்டி வந்தது. சட்டென்று அவர் நிமிர்ந்தார். "அப்ப மொத நாள் நான் கேட்டதுக்கு, காய்ச்சல் இல்லைன்னா சொன்னீங்க?" "ஓம்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், தாடை வலித்தது. மனைவி செத்ததில் ஒரு வருத்தமும் இல்லை என்கிறானே, என்ன மனிதன் இவன் என்று அந்தப் பெண்மணி வாரக்கணக்காக யோசித்திருக்கிறார்.

சிரிப்பு அடங்கியதும், "சரி, உங்க ஊர்ல அத எப்படிக் கேக்கணும்?" என்றார்.

"கவலையாய் இருக்கோ எண்டு கேக்கோணும்."

அவர் என் உச்சரிப்பைப் பார்த்து, மதுரை நாக்கால் மெதுவாக, பிழையில்லாமல் கேட்டார்: "கவலையாய் இருக்கோ?"

வீடு எரிந்த நாளிலிருந்து எவரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. முகாமில் மனைவி காய்ச்சலோடு கிடந்தபோது திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னாள். "இஞ்சேருங்கோ, அடுப்பை நூத்தனானோ தெரியேல்லை." வீட்டை விட்டு ஓடி வந்த அவசரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தாளா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம். முழு வீடும் கரியாகிக் கிடந்தது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அடுப்பை நினைத்துக் கலங்கினாள். நூத்திட்டீர், நான் பார்த்தனான் என்று பொய் சொன்னேன். இதைப் போலீசுக்குச் சொல்லவில்லை, உறவினருக்கும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது, சத்தமில்லாமல் தானாக வழிந்தது. வெளியே வந்து கோர்ட்டுப் பக்கம் ஒரு கடையில் வடை சாப்பிட்டேன். உப்புக் கூடியிருந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பாதி நாள் இன்னும் மரக்கட்டைதான். மீதி நாளில் நடுக்கம் குறைந்திருக்கிறது, கவலை கூடியிருக்கிறது. எது முன்னேற்றம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இதற்கிடையில் கனடா போகிற ஒரு குடும்பத்தோடு வதனியை அனுப்ப மச்சாள் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். கடைசிச் சம்மதத்தைப் போனில் சொல்ல வேண்டும். வதனியையும் கூட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போய், கனடாவுக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தோம். அவள் பெஞ்சில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தே தூங்கிப்போனாள். சின்னத் தலை, வியர்த்திருந்தது. அந்தப் பாரம் எனக்குத் தெரிந்தது. பார்சல் பாரம் இல்லை.

லைன் கிடைத்தது. "அனுப்புறியள்தானே?" என்றார் மச்சாள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், அந்தச் சொல் வரவில்லை. தொண்டையிலிருந்து வேறொரு சத்தம் வந்தது, எனக்கே அடையாளம் தெரியாத சத்தம். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வதனி விழித்து ஓடிவந்து, ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பெரியம்மா, அப்பா அழுகுறாக. செத்த நேரம் இருங்க, பெறகு பேசுவாக."

மறுமுனையில் மச்சாள் திகைத்துப்போனது எனக்கும் கேட்டது. "ஹலோ? ஆர் இது? லைன் மாறிப்போச்சோ? ஆற்றை பிள்ளை நீ?"

யாருடைய பிள்ளை என்று கேட்கிறார். நான் ரிசீவரை வாங்கினேன். "என்ரை பிள்ளை, மச்சாள். என்ரை பிள்ளைதான். அனுப்பேலாது."

"கேக்கேல்லை, ஆரோ இந்தியாக்காரப் பிள்ளை குறுக்கை கதைக்குது. ஆற்றை பிள்ளை எண்டு கேளுங்கோ!"

"என்ரை பிள்ளை!" என்று கத்தினேன். வதனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதீகப்பா, எல்லாரும் பாக்குறாக." இந்தக் காதில் அவள் மதுரையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள், அந்தக் காதில் யாழ்ப்பாணம் கனடாவிலிருந்து ஆற்றை பிள்ளை, ஆற்றை பிள்ளை என்று கேட்டுக்கொண்டே இருந்தது.